கடைக்காரருக்கு லாபம் வந்தால் நேர்மை தப்பாகிவிடுமா?

ஆகாது. ஜெர்மன் தத்துவவாதி கான்ட் பற்றிய உங்கள் கட்டுரையில், "நேர்மையால் வியாபாரம் பெருகினால் அது சுயநலம், எனவே கான்ட் கணக்கில் தவறு" என்று எழுதியிருக்கிறீர்கள். கான்ட் அப்படிச் சொல்லவில்லை.

ஒழுக்கத்தின் அடித்தளம் பற்றி 1785-இல் அவர் வெளியிட்ட நூலில் வரும் கடைக்காரர், விவரம் தெரியாத சின்னப் பிள்ளை வந்தாலும் எல்லாருக்கும் சொல்லும் விலையைத்தான் வாங்குகிறார். செயல் சரியானதுதான். ஆனால் அதைச் செய்ய வைத்தது வாடிக்கை போய்விடக்கூடாது என்ற கணக்கு மட்டுமே என்றால், அதற்குத் தனியாக ஒழுக்க மதிப்பு கிடையாது. அவ்வளவுதான்.

'பாராட்ட ஒன்றுமில்லை' என்பதை 'குற்றம்' என்று எடுத்துக்கொண்டீர்கள் போல. பரீட்சைக்கான சுருக்கக் குறிப்புகள் பலவும் இதே குழப்பத்தைத்தான் செய்கின்றன.

ஒரு சோதனை செய்து பாருங்கள். லாபத்தை மட்டும் கதையிலிருந்து எடுத்துவிடுங்கள். கடையைக் காலி செய்துவிட்டு ஊரைவிட்டுக் கிளம்பும் கடைசி நாள். அந்தப் பிள்ளை இனி வரப்போவதில்லை, கேட்கவும் ஆளில்லை. அப்போதும் அதே விலையா? ஆம் என்றால், இத்தனை நாளும் லாபம் கூடவே வந்தது, காரணமாக இருக்கவில்லை.

இதை வைத்து ஒருவரை எடைபோட்டுவிட முடியாது. எவ்வளவு துருவினாலும் நம்முடைய நோக்கமே நமக்கு முழுசாகப் பிடிபடாது என்கிறார் கான்ட். அப்புறம், தன் நலனைக் கவனிப்பதும் மறைமுகமாக ஒரு கடமை என்று அதே நூலில் இருக்கிறது: தேவையும் கவலையும் நெருக்கினால் கடமையை மீறத் தோன்றும் என்பது காரணம். உங்கள் கட்டுரையில் அந்த இடம் விடுபட்டிருக்கிறது, சேர்த்துவிடுங்கள்.