சட்டம் கேளுங்கள்: மைக் முன்னால் எதிரி தரப்பு வக்கீல்

கேள்வி: பரபரப்பான கொலை வழக்கில் கைதானவரின் (சட்ட மொழியில் 'எதிரி') வக்கீல்கள் பிரஸ் மீட் வைத்து, 'சேனல்கள் சொல்வது பொய்' என்கிறார்கள். வழக்கு நடக்கும்போது இப்படிப் பேசலாமா?

பதில்: பேசவே கூடாது என்று தடை இல்லை. ஆனால் வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 36-வது விதி கறாரானது. தான் ஆஜராகும் வழக்கைப் பற்றிப் பத்திரிகைகளில் கருத்து வரச்செய்வதையும், அதையொட்டித் தன் படத்தை வெளியிடச் செய்வதையும் மறைமுக விளம்பரமாகவே அது பார்க்கிறது. எனவே கேள்வி பதிலாகப் பேசுவதைவிட எழுத்தில் அரைப் பக்க மறுப்பு கொடுப்பதே பாதுகாப்பு. வழக்கு எண், நீதிமன்றம், வழக்கு இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எந்தச் செய்தியின் எந்த வரி தவறு, நீதிமன்ற ஆவணத்தில் உள்ளது என்ன என்பவை போதும்.

கட்சிக்காரர் தன்னிடம் சொன்னதை அவர் சம்மதமின்றி வெளியிட 2023-ன் பாரதிய சாட்சிய சட்டத்தின் 132-வது பிரிவு அனுமதிக்காது. பாலியல் வழக்கென்றால் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும் சொல்லக் கூடாது, பி.என்.எஸ். எனும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. 'சம்பவ நேரத்தில் அவர் வெளியூரில் இருந்தார்' என்று மைக்கில் அறிவிப்பதும் பெரும் தவறு. அதை நிரூபிக்கும் பொறுப்பு எதிரி மேல்தான் இருக்கிறது. அரசுத் தரப்போ அதை உடைக்கும் செல்போன் டவர் விவரங்களைச் சேகரிக்க மாதக்கணக்கில் அவகாசம் பெற்றுவிடும்.

கேள்வி: 'போலீஸில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்' என்று செய்தி வந்தபின் மறுத்து என்ன பயன்?

பதில்: இங்கேதான் மறுப்பு அவசியம். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது (சாட்சிய சட்டம், பிரிவு 23). விதிவிலக்கு ஒன்று உண்டு: அவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கிடைத்தால், கண்டெடுக்கக் காரணமான பகுதி மட்டும் ஏற்கப்படும். 'கத்தியைக் கிணற்றில் போட்டிருக்கிறேன், காட்டுகிறேன்' என்பது உள்ளே வரும். 'அந்தக் கத்தியால்தான் குத்தினேன்' என்பது வராது. டி.வி.யில் ஓடுவது பெரும்பாலும் இரண்டாவது வாக்கியம்தான். இத்தகைய வாக்குமூலத்தை, சட்ட நிலையைச் சொல்லாமல், ஏற்கத்தக்க சாட்சியம்போல் காட்டக் கூடாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2021-ல் கூறியிருக்கிறது.

முகத்தைக் காட்டுவது இன்னொரு கேடு. சாட்சி டி.வி.யில் முகத்தைப் பார்த்துவிட்டால் பலரோடு எதிரியை நிறுத்தி சாட்சியை அடையாளம் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்புக்கு மதிப்பே போய்விடும். ரிமாண்டின்போதே முகத்தை மூடி அழைத்துவர மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்க வேண்டும். மீறி ஒளிபரப்பினால் தேதி, நேரத்தோடு அந்தப் பதிவைச் சேமித்து, மின்னணுப் பதிவுகளுக்கு சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவு கேட்கும் சான்றிதழுடன் வைத்துக்கொண்டால் குறுக்கு விசாரணையில் கைகொடுக்கும். சான்றிதழ் இல்லாத பென் டிரைவ் பெரும்பாலும் எதிர்ப்புக்குள்ளாகித் தள்ளுபடியாகிறது.

கேள்வி: தவறான செய்தி மேல் புகார் எங்கே?

பதில்: டி.வி. என்றால் முதலில் சேனலுக்கே எழுத வேண்டும். கேபிள் டி.வி. விதிகளின் 2021 திருத்தப்படி 24 மணி நேரத்தில் ஒப்புகை, 15 நாளில் முடிவு. திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளில் சேனல்களின் சுயகட்டுப்பாட்டு அமைப்பிடம் போகலாம். நாளிதழ், வார இதழ் என்றால் முதலில் ஆசிரியருக்குக் கடிதம், பிறகு செய்தி வெளியான 2 மாதத்துக்குள் பிரஸ் கவுன்சில். கவுன்சில் கண்டிக்கலாம், எச்சரிக்கலாம். அபராதம் விதிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை.

விசாரணையே கெட்டுவிடும் என்ற உண்மையான அபாயம் இருந்தால், செய்தி வெளியீட்டைச் சிறிது காலம் தள்ளிவைக்க உயர் நீதிமன்றத்தைக் கேட்கலாம். சஹாரா நிறுவனத்துக்கும் பங்குச் சந்தை கண்காணிப்பு அமைப்பான செபிக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012-ல் திறந்துவிட்ட வழி இது. நீதிமன்ற அவமதிப்பு மனுவுக்கு மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்வகேட் ஜெனரலின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். அந்த விண்ணப்பத்தோடு ஒளிபரப்பின் எழுத்துப் பிரதியையும் இணைக்க மறக்காதீர்கள்.