வீடு அவர் பேர்ல, நகை அடகுல... டைவர்ஸ் கேட்டா எனக்கு என்ன கிடைக்கும்?

கேள்வி: அக்கா, எங்க வீட்டுக்காரரு சேலம் செவ்வாப்பேட்டைல கொலுசுப் பட்டறை வச்சிருக்காரு. வேற ஒரு பொண்ணு கூட தொடர்பு இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு, எனக்குத் தெரியும்ங்கறது அவருக்குத் தெரியாது. பிரியறதுன்னு முடிவு பண்ணிட்டேன். வீடு அவர் பேர்ல, லோன்ல நானும் கையெழுத்து போட்டிருக்கேன். அம்மா போட்ட நகைல பாதி தொழிலுக்குன்னு அடகுல இருக்கு. வீட்ல பாதி எனக்கு வருமா?
- பேர் வேண்டாம், அம்மாப்பேட்டை

பதில்: தானா வராதும்மா. டைவர்ஸ் ஆனா சொத்துல பாதின்னு நம்ம சட்டத்துல கிடையாது, நிறைய பொண்ணுங்க அத நம்பி கடைசில ஏமாந்து நிக்கிறத பார்க்க மனசு ஆறல. கிடைக்கறது ஜீவனாம்சம், இந்து திருமணச் சட்டம் 24, 25வது பிரிவுல கேக்கலாம், அவரோட வருமானம் சொத்தெல்லாம் பார்த்துத்தான் தொகை முடிவாகும். பட்டறை தொழில்ல பாதி ரொக்கத்துல ஓடும், கோர்ட்டுக்குப் போனதும் வருமானமே இல்லைன்னு கைய விரிப்பாங்க. ரஜ்னேஷ் - நேஹா வழக்குல 2020ல சுப்ரீம் கோர்ட் ரெண்டு பேருமே சொத்து, கடன், வருமானத்த அஃபிடவிட்டா, அதாவது சத்தியம் பண்ணி எழுத்துல, குடுக்கணும்னு சொல்லிருச்சு, அவர் அதுல மறைச்சா பொய்யுன்னு காட்ட உங்க கைல பேப்பர் வேணும். அதனால சண்டைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஐடி ரிட்டர்ன், ஜிஎஸ்டி, பேங்க் ஸ்டேட்மென்ட், வெள்ளி வாங்குன பில், சீட்டு கட்டுற நோட்டு, வீட்டுப் பத்திரம்னு வீட்ல இருக்கறத போட்டோ எடுத்து அம்மா வீட்ல ஒரு காப்பி வச்சிருங்க. ஒரிஜினல தொடாதீங்க.

அம்மா போட்ட நகை ஸ்திரீதனம், அதாவது பொண்ணுக்கு மட்டுமே சொந்தமானது, அடகுல இருந்தாலும் அது உங்க சொத்துதான். அடகு சீட்டு யார் பேர்ல இருக்குன்னு பாருங்க, நகைக்கடை பில், நீங்க அத போட்டிருக்கற கல்யாண போட்டோ எல்லாம் எடுத்து வைங்க.

லோன் விஷயம் கவனம், டைவர்ஸ் ஆனாலும் பேங்க் உங்களயும் கேக்கும். இனிமே எந்த பேப்பர்லயும், முக்கியமா வெத்து ஸ்டாம்ப் பேப்பர்ல, கையெழுத்து போடவே போடாதீங்க. உங்க பேர்ல மட்டும் ஒரு அக்கவுண்ட், ஓடிபி உங்க போனுக்கே வர்ற மாதிரி.

கோவத்துல பொட்டிய தூக்கிட்டு கிளம்பிடாதீங்க, வீடு அவர் பேர்ல இருந்தாலும் 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துல அங்க இருக்க உங்களுக்கு உரிமை இருக்கு. கைநீட்டினா மட்டும் ஒரு நிமிஷம்கூட பொறுக்காதீங்க, பெண்கள் உதவி எண் 181க்கு போன் பண்ணுங்க.

தகாத உறவு 2018லேருந்து கிரிமினல் குற்றம் இல்ல, அதுக்காக ஸ்டேஷனுக்கு அலைய வேணாம், ஆனா டைவர்ஸுக்கு அது இன்னும் காரணந்தான். அவர் போன்ல உளவு ஆப் மட்டும் போட்டுறாதீங்க, கேஸ் உங்க மேலயே திரும்பும்.

அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்துல மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, பொம்பளைங்களுக்கு வருமான வரம்பு பார்க்காம இலவசமா வக்கீல் குடுப்பாங்க. ஆதார், கல்யாணப் பத்திரிகை, எடுத்து வச்ச காப்பியோட இந்த வாரமே போங்கம்மா, அவர்கிட்ட பேசறது அதுக்கப்புறம்.