அம்மாவுக்குத் திடீரென்று நினைவு தடுமாறுகிறது, முற்றிப்போவதற்குள் உயிலில் கையெழுத்து வாங்கிவிடலாமா?

இன்றைக்கு வாங்காதீர்கள். 'திடீரென்று' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பேனாவோடு நின்றவள், அவ்வளவுதான் என் தகுதி.

அம்மாவுக்கு அப்போது 79 வயது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. இரண்டாம் நாள் ராத்திரி, கூரையில் யாரோ துணி காயப்போடுகிறார்கள் என்றாள். என்னைத் தன் அக்கா என்று நினைத்துக்கொண்டு, "விளக்கை அணை, அப்பா வந்துடுவார்" என்றாள். காலையில் நன்றாகப் பேசினாள், சாயங்காலம் மறுபடி கூரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அண்ணன் போனிலேயே முடிவு கட்டிவிட்டான்: மறதி நோய்தான், அடுத்த வாரம் கையெழுத்தே மறந்துவிடும், உயிலை உடனே முடி. உயில் இரண்டு வருஷமாக அச்சடித்தபடி அலமாரியில் கிடந்தது, யார் முதலில் பேச்செடுப்பது என்ற தயக்கத்தில் யாரும் தொடவில்லை. அதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

சொத்துக்கு அலைந்தவள் என்று திட்ட நினைப்பவர்கள் திட்டலாம். அதற்கு முந்தைய மூன்று வருஷமும் அம்மாவைக் குளிப்பாட்டியது நான்தான் என்பதையும் சேர்த்துக்கொண்டு திட்டுங்கள்.

பேனாவைக் கையில் கொடுத்தேன். "யார் பேரை எழுதணும்?" என்று கேட்டாள். உன் பேரைத்தான் அம்மா என்றேன். தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டாள், அப்புறம் அதே எழுத்தை மறுபடி, மறுபடி. நாலாவது எழுத்து காகிதத்தைத் தாண்டிப் படுக்கை விரிப்பில் விழுந்தது. டிரிப்ஸ் மாற்றிக்கொண்டிருந்த நர்ஸ் ஒன்றும் சொல்லவில்லை, என்னை ஒரு பார்வை பார்த்தார். காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் டாக்டர் சொன்ன பெயர் டெலிரியம், அதாவது திடீரென்று வரும் மனக்குழப்பம். மறதி நோய் வருஷக்கணக்கில் மெல்ல ஊர்ந்து வரும், இது சில மணி நேரத்தில், சில நாளில் வந்து நிற்கும், ஒரே நாளில் ஏறி இறங்கும், பெரும்பாலும் இருட்டினால் கூடும். வயதானவர்களுக்கு அறுவை சிகிச்சைக்குப் பிறகு, அதிலும் இடுப்பெலும்பு முறிந்தவர்களுக்கு, அடிக்கடி வருகிறதாம். காரணம் பெரும்பாலும் மூளைக்கு வெளியே இருக்கும். அம்மாவுக்கு மூன்று சேர்ந்திருந்தன. காய்ச்சலே இல்லாமல் சிறுநீரில் தொற்று, தூக்கம் வரட்டும் என்று கொடுத்த ஒரு பழைய வகை அலர்ஜி மாத்திரை (வயதானவர்களைக் குழப்புவதில் அந்த வகை பேர்போனது), மூன்றாவது நான். தொலைந்துவிடக் கூடாதே என்று கண்ணாடியையும் காது மெஷினையும் பத்திரமாகப் பையில் பூட்டி வைத்திருந்தேன். பார்வை மங்கி, காதும் கேட்காமல் ராத்திரி முழுக்க அந்நிய அறையில் கிடந்தால் எனக்கே கூரையில் துணி தெரியும்.

காது மெஷின் என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நடுங்கும் விரல்களுக்காகச் செய்கிற பொருளில் பருப்பளவு பேட்டரி, அதற்கு நகம் நுழையாத ஒரு மூடி. இதை வடிவமைத்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு தடவை மாற்றிப் பார்க்கட்டும்.

மாத்திரையை நிறுத்தி, தொற்றுக்கு மருந்து கொடுத்து, கண்ணாடியை மாட்டிவிட்டதில் 11 நாளில் அம்மா அம்மாவாகிவிட்டாள். உங்கள் வீட்டிலும் அப்படியே நடக்கும் என்று சொல்லவில்லை. சிலருக்குத் தெளிய மாதங்கள் ஆகும், சிலருக்கு முழுசாகத் தெளியாது, அடியில் மறதி நோய் இருந்து அதன்மேல் இது வந்து உட்காருவதும் உண்டு. ஆனால் முதலில் டாக்டர், அதுவும் இன்றைக்கே.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். வக்கீலிடம் நடந்ததைச் சொன்னபோது கோபப்பட்டார். வழக்கு என்று வந்தால் எதிர்த்தரப்பு முதலில் கேட்பது ஆஸ்பத்திரிக் குறிப்புகளைத்தானாம், அன்று சாயங்காலம் 'குழப்பமாக இருக்கிறார்' என்று நர்ஸ் எழுதியிருப்பாரே. அதே சமயம், நோயின் பெயரை வைத்து மட்டும் ஒருவருக்கு உயில் எழுதத் தகுதி இல்லை என்று சொல்லிவிட முடியாது என்றும் சொன்னார். 1870இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு, பேங்க்ஸ் எதிர் குட்ஃபெலோ. செத்துப்போன ஒருவன் தன்னைத் துரத்துகிறான் என்று நம்பிய மனிதரின் உயில் செல்லும் என்று தீர்ப்பானது. உயில் என்றால் என்ன, தன்னிடம் என்ன இருக்கிறது, யாரெல்லாம் பங்கு எதிர்பார்ப்பார்கள் என்பது அவருக்குப் புரிந்திருந்தது, அந்தப் பிரமை பங்கு பிரித்ததில் கை வைக்கவில்லை.

இன்னொன்று, உயில் எழுதியவர் காலத்துக்குப் பிறகுதான் பேசும். ஆஸ்பத்திரிப் பணம் கட்ட, வங்கியில் எடுக்க, இப்போது உங்களுக்கு அது உதவாது. அதற்குப் பவர் பத்திரம் வேண்டும். சாதாரண பவர் பல நாடுகளில், கொடுத்தவரின் புத்தி நிலை போனதும் செல்லாமல் போய்விடும், அதாவது எப்போது தேவையோ அப்போது. அமெரிக்கா, இங்கிலாந்து போன்ற இடங்களில் அதற்குப் பிறகும் செல்லுபடியாகிற தனி வகை உண்டு. உங்கள் நாட்டுச் சட்டம் என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள், எதுவானாலும் தெளிவாக இருக்கும்போது எழுதியிருக்க வேண்டும்.

நாங்கள் மூன்று மாதம் கழித்து, அம்மா தானாகக் கேட்ட பிறகு, ஒரு காலை நேரத்தில் உயிலை முடித்தோம். அன்றைய தேதியில் டாக்டர் கடிதம், உயிலில் எந்தப் பங்கும் இல்லாத இரண்டு சாட்சிகள். கண்ணாடி, காது மெஷின், புது பேட்டரி. வக்கீல் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். முக்கால் மணி நேரம். பழைய காகிதத்தில் இருந்ததை அம்மா ஏதோ மாற்றியிருக்கிறாள் என்று மட்டும் தெரியும். என்ன என்று அண்ணன் இன்னும் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறான்.