வெள்ளத்துக்குப் பிறகு வீடு: ஃபிட்ஸ்ராய் கிராசிங் பற்றி உங்கள் கேள்விகள்

இந்த முறை கேள்விகள் எல்லாம் ஒரே ஊரைச் சுற்றி வந்திருக்கின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்கே, கிம்பர்லி பகுதியில் இருக்கும் ஃபிட்ஸ்ராய் கிராசிங். 2023 ஜனவரியில் எல்லி புயல் வலுவிழந்த பிறகும் மழை விடவில்லை. ஃபிட்ஸ்ராய் ஆறு 15.81 மீட்டருக்கு ஏறியது. அதற்கு முந்தைய உச்சம் 2002-இல் 13.95 மீட்டர். ஆற்றோரப் பூர்வகுடிக் குடியிருப்புகள் பல மூழ்கின. பூர்வகுடி வீட்டுத் திட்டங்களில் வேலை பார்ப்பவள் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள், பதில் சொல்கிறேன்.

அக்கா, தண்ணீர் வடிந்ததும் கழுவிவிட்டுக் குடியேற வேண்டியதுதானே? (சென்னை)

நம் ஊர்ச் செங்கல் வீட்டை நினைத்துக் கேட்கிறீர்கள். அங்கே பல வீடுகள் சட்டகம் நிறுத்தி இருபுறமும் பலகை அடித்தவை. நடுவில் இருக்கும் இடைவெளிக்குள் சேறு போய் உட்கார்ந்துவிடும். கழிவுத் தொட்டிகளும் நிரம்பி வழிந்திருக்கும் என்பதால் அது வெறும் சேறும் அல்ல. பலகையைப் பெயர்த்து, உள்ளே கழுவி, ஈரம் போனதை மானி வைத்துப் பார்த்த பிறகுதான் மூடலாம். அவசரப்பட்டு மூடினால் சில மாதங்களில் சுவர் முழுக்கப் பூஞ்சை பிடிக்கும். பழைய வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் வேறு இருக்கலாம். சிறு அளவுக்கு மேல் இருந்தால் அதை உரிமம் பெற்றவர்தான் அகற்ற வேண்டும், அதுவரை மற்றவர்கள் உள்ளே கை வைக்க முடியாது.

பாலத்தை ஒரே வருடத்தில் கட்டி முடித்தார்களே, வீடுகளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு காலம்? (மெல்பர்ன்)

நியாயமான கேள்வி. ஆற்றின் மேல் வெள்ளத்தில் உடைந்த பாலத்துக்குப் பதிலாகப் புதிய பாலம் 2023 டிசம்பரிலேயே திறந்துவிட்டது. அது நெடுஞ்சாலை. அது அறுந்தபோது பெர்த்திலிருந்து கிழக்குக் கிம்பர்லிக்குச் சரக்கு லாரிகள் தெற்கு ஆஸ்திரேலியாவையும் வட பிரதேசத்தையும் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. எல்லோருக்கும் வலித்தது, எல்லோரும் ஓடி வந்தார்கள்.

வீடு அப்படி இல்லை. நிலம் ஒருவர் பேரில், கட்டடம் இன்னொருவர் பொறுப்பில், குடியிருப்பவர் வாடகைதாரர். கையெழுத்துகள் சேரவே மாதங்கள் ஆகும். அப்புறம் பருவம். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழைக்காலம், உட்சாலைகள் அடிக்கடி துண்டிக்கப்படும். உருப்படியாக வேலை நடப்பது மே முதல் அக்டோபர் வரைதான். இன்னொன்றை யாரும் பேசுவதில்லை: வேலைக்கு வரும் தச்சரும் மின்பணியாளரும் எங்கே தங்குவார்கள்? ஊர்க்காரர்களே டெர்பி, புரூம் போன்ற வேறு ஊர்களில் தற்காலிக இடங்களில் கிடந்தபோது, உள்ளூரில் காலியாக இருந்த ஒவ்வோர் அறைக்கும் இரண்டு பேர் போட்டி.

கட்டிக் கொடுத்தாலும் அவர்களே பாழாக்கிவிடுகிறார்கள் என்று என் அலுவலகத்தில் சொல்கிறார்கள். உண்மையா? (பெர்த்)

இதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. ஆனாலும் பதில் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அதற்குத் தரவு இருக்கிறது. ஹெல்த்ஹாபிடாட் என்ற அமைப்பு 1980-களில் மத்திய ஆஸ்திரேலியாவில் பித்ஜன்ஜாரா பூர்வகுடி மக்களின் நிலப்பகுதியில் தொடங்கிய வேலையிலிருந்து வந்தது. கட்டடக் கலைஞர் பால் ஃபோலெரோஸ் அதில் முக்கியமானவர். ஆயிரக்கணக்கான வீடுகளில் குழாய் குழாயாக, சுவிட்ச் சுவிட்சாகச் சோதித்தார்கள். பழுதுகளில் குடியிருப்பவர்கள் உண்டாக்கியவை 10 சதவீதத்துக்கும் குறைவு. பெரும்பங்கு பராமரிப்பே செய்யாததால் வந்தது, மீதி முதலிலேயே தப்பாகக் கட்டியது.

தப்பாகக் கட்டியது என்றால் எப்படி? புதிதாக முடித்த குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். வடிகாலுக்கு ஓடாமல் கதவு நிலையின் அடியில் போய்த் தேங்கினால், அந்தத் தரைக்குச் சரிவே கொடுக்கவில்லை என்று அர்த்தம். ஓடு பளபளவென்று இருக்கும், படமும் நன்றாக விழும். இரண்டு வருடத்தில் நிலை உளுத்துப்போனதும் பழி குடியிருப்பவர் தலையில். வீட்டை ஒப்புக்கொள்ளும் முன் இந்த வாளிச் சோதனையைக் கட்டாயம் ஆக்க வேண்டும் என்பது என் கட்சி.

புதிய வீட்டில் எதை மாற்றுவீர்கள்? நான் கட்டடக்கலை மாணவன் அக்கா. (கோவை)

தம்பி, தரையை உயர்த்துவது, மின்பெட்டியையும் சுடுநீர்த் தொட்டியையும் மேலே ஏற்றுவது, நனைந்தால் ஊறாத பலகை போடுவது எல்லாம் எந்த வெள்ள ஊருக்கும் பொது. ஆனால் தரையை உயர்த்தும்போது படிக்கட்டு மட்டும் வைத்தால் சக்கர நாற்காலியில் இருக்கும் பாட்டி வீட்டுக்குள் சிறைப்பட்டுவிடுவார். சரிவுப்பாதையும் சேர்த்து வரை.

அப்புறம், ஒரே வீட்டில் மூன்று தலைமுறை இருக்கும், விருந்தாளிகளும் வந்து தங்குவார்கள். ஒரு குளியலறை போதாது. அகன்ற வராந்தா வேண்டும், பாதி வாழ்க்கை அங்கேதான். பல சமூகங்களில் மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் எதிர்ப்படக் கூடாது. ஒரே வாசல் வைத்தால் ஒருவர் வெளியே காத்து நிற்க வேண்டியதுதான். யாராவது இறந்தால், இலைகளை எரித்துப் புகையால் வீட்டைத் தூய்மைப்படுத்தும் புகைச்சடங்கு முடியும் வரை அந்த வீட்டைக் காலி செய்வதும் உண்டு. அந்தக் குடும்பம் எங்கே போகும் என்பதையும் எத்தனை வீடு கட்டுவது என்ற கணக்கில் சேர்.

ஊரையே மேட்டுக்கு மாற்றிவிட்டால்? (சிங்கப்பூர்)

வரைபடத்தில் எளிது. 2014-இல் மேற்கு ஆஸ்திரேலிய முதல்வர் காலின் பார்னெட், தொலைதூரக் குடியிருப்புகளில் 150 வரை மூடப்படலாம் என்றார். மறு ஆண்டு நாடு முழுக்கப் போராட்டம். அதற்குப் பிறகு அரசு ‘இடமாற்றம்’ என்றாலே ‘மூடப்போகிறார்கள்’ என்றுதான் காதில் விழும்.

நியூ சவுத் வேல்ஸில் ரிச்மண்ட் ஆற்றுக்குள் இருக்கும் கேபேஜ் ட்ரீ தீவையும் பாருங்கள். 2022 வெள்ளத்தில் மூழ்கியது. பண்ட்ஜலங் என்ற பூர்வகுடி மக்கள் அங்கே நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறார்கள். அவர்களை அருகிலுள்ள வார்டெல்லில் தற்காலிக வீடுகளில் வைத்தார்கள். திரும்பிப் போக வேண்டும், வேண்டாம் என்று சமூகத்துக்குள்ளேயே இரண்டு கருத்து. முடிவு அவர்களுடையது. நம் வேலை, எந்த முடிவுக்கும் என்ன செலவு, என்ன ஆபத்து என்பதை மறைக்காமல் முன்னால் வைப்பது.

காப்பீட்டுப் பணம் வராதா? (யாழ்ப்பாணம்)

கட்டடம் குடியிருப்பவர்கள் பேரில் இல்லை. வாடகைதாரருக்குக் கிடைக்கக்கூடியது வீட்டுச் சாமானுக்கான காப்பீடு மட்டும், அதுவும் எடுத்திருந்தால்.

நான் பிளம்பர். நேரே போய் உதவலாமா? (பெர்த்)

நேரே போகாதீர்கள். பூர்வகுடி மக்களுக்காக அறக்கட்டளை வைத்திருக்கும் நிலங்களுக்குள் நுழைய அனுமதிச்சீட்டு வேண்டும். சமூகத்தின் சொந்த அமைப்பிடம் முதலில் பேசுங்கள். வரச் சொன்னால் உள்ளூர் இளைஞர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள், நீங்கள் திரும்பிய பிறகு வாஷர் மாற்ற அங்கே ஆள் இருக்கும். படுக்கையும் சாப்பாடும் உங்களுடையதாக இருக்கட்டும்.