எந்தச் சர்வசித்து?

கேள்வி: தாத்தா வீட்டுக் கிரயப் பத்திரத்தில் ‘சர்வசித்து வருஷம் தை மாதம்’ என்றிருக்கிறது. ஆங்கில ஆண்டு எது?

பதில்: அறுபதாண்டுச் சக்கரத்தில் சர்வசித்து 21-வது. முதலாவதான பிரபவ 1867, 1927, 1987 சித்திரைகளில் பிறந்தது. 20 கூட்டினால் 1887, 1947, 2007. பலர் சறுக்குவது அடுத்த படியில்: மார்கழி 17 வாக்கில் ஜனவரி பிறந்துவிடும், அதன்பின் பங்குனி முடிய இன்னொரு 1 கூட்ட வேண்டும். நாடு விடுதலையானதும் சர்வசித்து. 1948 ஜனவரி 30-ல் காந்தி சுடப்பட்டதும் அதே சர்வசித்துத் தை. ஆக, உங்கள் பத்திரம் 1888 அல்லது 1948. தேதியோடு கிழமையும் இருந்தால் பழைய பஞ்சாங்கம் தீர்த்துவைக்கும். ஒரு சக்கரத்துக்குக் கிழமை ஐந்தோ ஆறோ நாள் தள்ளும், இரண்டும் ஒத்துவராது. முத்திரைத்தாளையும் பாருங்கள்: விக்டோரியா ராணி தலை என்றால் 1888தான்.