குடும்பத்துக்கு கார் வாங்க உள்நாட்டுக் கம்பெனி நல்லதா, வெளிநாட்டுக் கம்பெனி நல்லதா?

குடும்பத்துக்கு முதல் கார் வாங்கப் போகிறீர்கள். டாடா, மஹிந்திரா மாதிரி நம் நாட்டு வண்டியா, ஹூண்டாய், டொயோட்டா மாதிரி வெளிநாட்டு வண்டியா, எதை வாங்கினால் மனசாட்சி உறுத்தாது என்று கேட்டிருக்கிறீர்கள். மைலேஜ், விலை என்று மட்டும் கேட்டிருந்தால் பேசாமல் கடந்து போயிருப்பேன். அந்த 'மனசாட்சி'தான் விடவில்லை. 'நம்ம நாட்டு வண்டி வாங்கலையா' என்று குத்திக் கேட்க, எங்கள் வீட்டைப் போல உங்கள் வீட்டிலும் ஒரு மச்சான் இருக்கிறார் போல.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் எந்தக் கார் கம்பெனிக்கும் ஆள் இல்லை. சென்னையை ஒட்டிய ஒரகடம் பக்கம், இரும்புத் தகட்டை அழுத்தி கார் பாகங்கள் செய்யும் ஒரு பிரஸ் ஷாப்பில் 14 வருடமாக குவாலிட்டியில் இருக்கிறேன். கார் பாடிக்குள் யார் கண்ணுக்கும் படாமல் கிடக்கும் பிராக்கெட்டுகள்தான் எங்கள் பிழைப்பு. டையில், அதாவது தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சில், அடித்து வெளியே வருகிற முதல் பீஸை எடுத்து ஓரம் முழுக்க விரலை ஓட்டிப் பார்ப்பேன், பிசிறு தட்டினால் லைனை நிறுத்தச் சொல்வேன், அதுதான் என் வேலை. காலை ஷிப்டில் வெளிநாட்டுப் பெயர் போட்ட வண்டிக்கு ஓடும். டையை மாற்றிவிட்டு அடுத்த ஷிப்டில் நம் நாட்டுப் பெயர் போட்ட வண்டிக்கு ஓடும். அதே பிரஸ், அதே தகடு, அதே பையன்கள். கார் கம்பெனிகளிலிருந்து ஆடிட்டுக்கு வருகிறவர்களில் ஒருவர் மொழிபெயர்ப்பாளர் வைத்துத் திட்டுவார், இன்னொருவர் நேராகவே திட்டுவார். எனக்குத் தெரிந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

நாங்கள் வாங்கியது 2022 பொங்கலுக்கு முந்தின வாரம். வீட்டில் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்புறம் அம்மா. அம்மாவுக்கு 68 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. கையில் பத்து லட்சத்துக்குள்தான் பட்ஜெட்.

நம்ப மாட்டீர்கள், எனக்கு முதலில் உள்நாட்டு வண்டி மேல்தான் மனது சாய்ந்தது. காரணம் தேசபக்தி இல்லை, பயம். அதற்கு நாலு மாதம் முன்னால்தான், 2021 செப்டம்பரில், ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துகிறோம் என்று அறிவித்திருந்தது. ஃபோர்டு ஆலை இருந்த மறைமலை நகர் எங்களுக்குப் பக்கம். அங்கே வேலையில் இருந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர். அந்த வாரம் டீக்கடையில் யாரும் சரியாகப் பேசவில்லை. 2017லேயே செவர்லே கடையை மூடிவிட்டுப் போயிருந்தது. வெளிநாட்டுக்காரன் கணக்குப் பார்த்து ஒரு நாள் மூட்டை கட்டிவிடுவான், நாம் ஒரு ஹெட்லைட்டுக்கு நாயாய் அலைய வேண்டும் என்று நினைத்தேன். இன்னொரு பக்கம், 2018 கடைசியில் டாடா நெக்ஸான் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கியது, இந்தியாவில் அதற்கு முன் எந்த வண்டியும் வாங்காதது. அது சும்மா விஷயமில்லை. அதே அமைப்பு 2014ல் சோதித்தபோது டாடா நானோ, மாருதி ஆல்ட்டோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபீகோ, ஃபோக்ஸ்வாகன் போலோ என்று உள்ளூர், வெளியூர் பாகுபாடே இல்லாமல் எல்லாருக்கும் பூஜ்யம்தான்.

அதனால் முதல் ஞாயிற்றுக்கிழமை உள்நாட்டு வண்டி பார்க்கத்தான் போனோம். எந்த வண்டி என்று சொல்லவில்லை, சொன்னால் அதன் ரசிகர்கள் கீழே வரிசை கட்டிவிடுவார்கள், வண்டி மேல் தப்பும் இல்லை. நல்ல உயரமான வண்டி. அம்மா சேலையை ஒரு கையில் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மேலே கைப்பிடியைத் துழாவினார். கால் படிக்கு எட்டியது, உடம்பு எழும்பவில்லை. ஷோரூம் பையன் உதவுகிறேன் என்று முழங்கையைப் பிடித்துத் தூக்கினான். நல்ல எண்ணத்தில்தான் செய்தான், ஆனால் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "வேண்டாம்டா, நான் பஸ்லயே வந்துக்கறேன்" என்றார். பஸ் படி அதைவிட உயரம் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஒரு முக்காலி வாங்கி டிக்கியில் போட்டுவைக்கலாம் என்று மனைவி சொன்னாள். ஒவ்வொரு கோவில் வாசலிலும் முக்காலியை எடுத்துப் போட்டு அம்மாவை ஏற்றி இறக்குவதை நினைத்துப் பார்த்தேன். சரிப்படவில்லை.

அடுத்த வாரம் ஹூண்டாய். அங்கேயும் முதலில் காட்டியது தாழ்வான கார். உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்க முடியவில்லை. அப்புறம் அவர்களுடைய இன்னொரு மாடல், வென்யூ. அம்மா முதுகைக் காட்டித் திரும்பி நின்று, திண்ணையில் உட்காருவது மாதிரி சீட்டில் உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுத்து வைத்தார். யாரையும் பிடிக்கவில்லை. "இது சரி" என்றார். எங்கள் வீட்டில் வண்டி முடிவானது அந்த இரண்டு வார்த்தையில்தான்.

இதற்குத்தான் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் பார்க்கக் கேட்டார்: "என்ன மாப்ள, கொரியாக்காரனுக்குப் போய் பத்து லட்சத்தைத் தூக்கிக் குடுத்துட்டீங்க? நம்ம நாட்டு வண்டி கண்ணுக்குத் தெரியலையா?" சொன்னவர் ஓட்டுவது மாருதி ஸ்விஃப்ட். மாருதியில் பெரும்பான்மைப் பங்கு 2002லேயே ஜப்பான் சுசூகி கைக்குப் போய்விட்டது. நான் அதை எழுதி, பெரியவர்கள் இருக்கும் குழு என்பதால் அழித்துவிட்டேன். இன்றைக்கு வரைக்கும் அழித்ததற்கு வருத்தம்தான். போதாக்குறைக்கு அந்த ஏப்ரலில் ஹூண்டாயின் கிரெட்டாவுக்கும் ஐ20க்கும் மோதல் சோதனையில் 3 நட்சத்திரம்தான் என்று செய்தி வந்ததும் முதல் ஆளாக அனுப்பிவைத்தார். என் வண்டி அந்தப் பட்டியலிலேயே இல்லை. அது அவருக்கு எதற்கு?

நான் வாங்கிய வண்டி செய்தது ஹூண்டாயின் இருங்காட்டுக்கோட்டை ஆலையில். எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. அம்மா ஏறாத அந்த உள்நாட்டு வண்டி வேறு மாநிலத்திலிருந்து லாரியில் வந்து இறங்கியது. இதில் எது 'நம்ம ஊரு வண்டி' என்று நீங்களே சொல்லுங்கள். பானெட்டைத் திறந்து பார்த்தால் இன்னும் குழப்பம். டாடா ஹாரியரின் டீசல் இன்ஜின் ஃபியட் வழி வந்தது, அதன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஹூண்டாயிடமிருந்து வாங்கியது. மஹிந்திரா எக்ஸ்யுவி 300 உட்கார்ந்திருந்தது கொரியாவின் சாங்யாங் டிவோலி அடித்தளத்தில். அதே மஹிந்திரா எக்ஸ்யுவி 700ஐ உருவாக்கிய ஆராய்ச்சி மையம் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதை நினைத்தால் எனக்கும் பெருமைதான்.

உடனே 'லாபம் வெளிநாட்டுக்குத்தானே போகிறது' என்று யாராவது வருவீர்கள். போகிறது, இல்லை என்று சொல்லவில்லை. 2024 அக்டோபரில் ஹூண்டாய் இந்தியா ஏறக்குறைய 27,870 கோடி ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டதே, அதில் புதுப் பங்கு ஒன்றுகூடக் கிடையாது, கொரியத் தாய்க் கம்பெனி தன் பங்கைத்தான் விற்றது, பணம் முழுக்க அங்கேதான் போனது. எனக்கும் அன்று கொஞ்சம் எரிச்சல் இருந்தது. ஆனால் என் சம்பளம், எங்கள் கேன்டீன்காரர் சம்பளம், ஷிப்ட் பஸ் டிரைவர் சம்பளம் எல்லாம் இங்கேதான் செலவாகிறது. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அரசாங்கம்கூட ஜிஎஸ்டி போடும்போது கம்பெனி பேட்ஜைப் பார்ப்பதில்லை, நீளத்தையும் இன்ஜின் அளவையும் பார்க்கிறது. 2025 செப்டம்பரிலிருந்து 4 மீட்டருக்குள், பெட்ரோல் 1200 சிசி, டீசல் 1500 சிசிக்குள் இருந்தால் 18 சதவீதம், தாண்டினால் 40. மின்சார வண்டிக்கு 5. நீங்கள் டேப் எடுத்துக்கொண்டு போவது நல்லது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஹேண்ட்லிங் சார்ஜ், அதாவது வண்டியைக் கொண்டுவந்து கையாண்டதற்கு என்று டீலர் போடும் கட்டணம். நான் ஏறி இறங்கிய ஐந்து ஷோரூமிலும் கொட்டேஷனில் இப்படி ஒரு வரி இருந்தது, உள்நாடு, வெளிநாடு என்று இதில் மட்டும் முழு ஒற்றுமை. ஃபேக்டரி இதோ இருக்கிறது, சொல்லியிருந்தால் நானே டவுன் பஸ்ஸில் போய் ஓட்டிக்கொண்டு வந்திருப்பேன். அதை எடுக்கச் சொன்னால் மேட், சீட் கவர், மட் ஃப்ளாப் என்று வேறு பெயரில் அதே தொகை திரும்பி வருகிறது. இன்சூரன்ஸ் அவர்களிடம்தான் எடுக்க வேண்டும் என்று சட்டமில்லை, வெளியே கேட்டால் கணிசமாகக் குறையும். நான் கேட்டேன், மேனேஜர் எழுந்து வந்துவிட்டார். ஒரு மணி நேரம் வாதாடி, கடைசியில் ஹேண்ட்லிங்கில் பாதியும் ஒரு பிள்ளையார் சிலையும் கிடைத்தது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனி மூட்டை கட்டும் பயம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் உள்நாட்டுக் கம்பெனி என்றால் நிரந்தரம் என்பதும் இல்லை, அம்பாசிடரும் 2014ல் நின்றுதான் போனது. அதனால் நான் பார்ப்பது வேறு. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் தென் மாவட்டத்துக்காரர், நல்ல வண்டிதான் வாங்கினார், ஆயில் மாற்றக்கூட 70 கிலோமீட்டர் ஓட்டிப் போகிறார். அவர் ஊர் மெக்கானிக்கைக் கேட்டால் 'இதுக்கு ஸ்கேனர் நம்மகிட்ட இல்லண்ணே' என்கிறாராம். வாங்கும் முன்பே அந்த மெக்கானிக்கிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, எந்த வண்டி அவர் கைக்குப் பழகியது என்று கேட்டிருக்கலாம். நட்சத்திரம் பார்க்காமல் வாங்காதீர்கள், பாரத் என்கேப் என்று நம் நாட்டுச் சோதனையே 2023லிருந்து இருக்கிறது. கம்பெனி மொத்தத்துக்கும் என்று இல்லாமல், நீங்கள் வாங்கும் அதே மாடலுக்கு என்ன வந்தது என்று பாருங்கள்.

உங்கள் ஊர் எது என்று கேள்வியில் இல்லை, வீட்டில் முழங்கால் வலிக்காரர் யார் என்றும் இல்லை. இரண்டையும் கீழே எழுதுங்கள். நான் சிபாரிசு செய்வது மச்சான் ஓட்டும் வண்டியாகவே இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.