லாரிக்கு எந்த மேப் ஆப்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (சங்ககிரி வாசகர்): பத்து சக்கர லாரி ஓட்டுகிறேன். கூகுள் மேப்ஸை நம்பிப் போய் ரயில்வே சப்வே முன்னால் மாட்டிக்கொண்டு, பின்னால் நிற்கும் வண்டிகளை விலக்கி ரிவர்ஸ் எடுப்பதே வேலையாகிவிட்டது. லாரிக்கென்றே காசு கட்டி வாங்கும் ஆப் இருக்கிறதாமே, வாங்கலாமா?

பதில்: உடனே காசு கட்டாதீர்கள். முதலில் ஒரு சோதனை செய்யவேண்டும். அதற்கு முன் ஆப்களைப் பற்றிக் கொஞ்சம்.

கூகுள் மேப்ஸில் நம் நாட்டில் கார் உண்டு, இருசக்கர வாகனம் உண்டு, லாரி கிடையாது. வண்டியின் உயரத்தையோ எடையையோ சொல்ல அதில் இடமே இல்லை. 2024-ல் சென்னை, கோவை உள்ளிட்ட 8 நகரங்களில் குறுகலான தெருக்களைத் தவிர்க்கும் வசதியைக் கொண்டுவந்தார்கள். அதுவும் காரை மனதில் வைத்துச் செய்ததுதான். கார் நுழையும் சப்வேயை அது உங்களுக்கும் காட்டத்தான் செய்யும். ஆனால் நெரிசலைச் சொல்வதில் அதை மிஞ்ச ஆளில்லை. சாலையில் போகிற ஏராளமான போன்கள் அதற்குத் தகவல் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

மேப்மைஇந்தியா நிறுவனத்தின் மேப்பிள்ஸ் ஆப்பில், மேம்பாலம் பிரியும் இடத்தில் எந்த லேனில் ஏறவேண்டும் என்பதைப் படமாகவே காட்டுவார்கள். தவறான பக்கம் ஏறினால் அடுத்த யு-டர்ன் 8 கி.மீ. தள்ளி இருக்கும் நெடுஞ்சாலையில், லாரிக்காரருக்கு இது பெரிய உதவி. வேகத்தடை, பள்ளம் பற்றிய எச்சரிக்கையும் உண்டு. சின்ன ஊர்களின் நெரிசல் நிலவரத்துக்குக் கூகுளே மேல்.

மூன்றாவது ஆஸ்மேண்ட். நெட் இல்லாமலே ஓடும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தில் இயங்குவது. இதில் டிரக் என்றே தனிப் பிரிவு உண்டு. அமைப்புகளில் அதை இயக்கி, வழிகாட்டல் பகுதிக்குள் வாகன அளவுகளைத் திறந்தால் உயரம், அகலம், நீளம், எடை எல்லாம் கொடுக்கலாம். எடையை டன்னில் கேட்கும், ஆர்சி புக்கில் கிலோவில் இருக்கும். மூன்று ஆக்சில் (சக்கர அச்சு) உள்ள பத்து சக்கர வண்டிக்கு 28,500 கிலோ என்றால் 28.5 என்று போடவேண்டும்.

இனி சோதனை. உங்கள் பகுதியில் 3 மீட்டர் என்று போர்டு மாட்டிய சப்வே ஒன்றாவது இருக்கும். ஆப்பில் உயரம் 4 மீட்டர் என்று வையுங்கள். சப்வேக்கு இந்தப் பக்கம் 200 மீட்டரில் ஓரிடத்தைத் தொடக்கமாகவும், அந்தப் பக்கம் ஓரிடத்தை முடிவாகவும் கொடுங்கள். சுற்றுவழி காட்டினால், உயரத்தை 2.5 ஆகக் குறைத்து மறுபடி பாருங்கள். இப்போது நேர்வழி காட்டினால் அந்தச் சப்வேயின் உயரம் வரைபடத்தில் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். 4 மீட்டர் போட்டும் நேராக உள்ளே விட்டால் அந்தத் தகவலே அங்கே இல்லை. நீங்கள் அடிக்கடி போகும் தடத்தில் இப்படி மூன்று, நான்கு இடங்களைச் சோதியுங்கள்.

பெரும்பாலும் ஏமாற்றம்தான் மிஞ்சும். வெளிநாடுகளில் லாரி ஆப்கள் நன்றாக ஓடுவதற்குக் காரணம் ஆப் அல்ல, ஒவ்வொரு பாலத்தின் உயரமும் எடைத் தடையும் அங்கே வரைபடத்தில் ஏற்றப்பட்டிருப்பதுதான். இங்கே அது அரைகுறை. உயரம் கேட்கும் ஆப்பெல்லாம் உயரம் தெரிந்த ஆப் அல்ல. காசு கேட்கும் ஆப்பை இலவசக் காலத்திலேயே இதே சோதனைக்கு உட்படுத்துங்கள். தேறவில்லையென்றால் பிளே ஸ்டோரில் சந்தா பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள். ஆப்பை அழித்தால் மட்டும் போதாது, மாதாமாதம் பணம் போய்க்கொண்டுதான் இருக்கும்.

இப்போதைக்கு எங்கள் சிபாரிசு: ஓட்டம் கூகுளில், சந்தேகமான இடத்தைச் சரிபார்ப்பது ஆஸ்மேண்டிலும், தெருவைப் படமாகவே காட்டும் கூகுள் ஸ்ட்ரீட் வியூவிலும். சப்வே மேல் விரலை வைத்து ஸ்ட்ரீட் வியூவைத் திறந்தால் பல இடங்களில் உயர போர்டையே படிக்கலாம். கூகுளில் எரிபொருள் சிக்கன வழிக்கு முன்னுரிமை என்ற பொத்தானை அணைத்துவிடுங்கள். அது காருக்கான கணக்கு. ஊருக்குள் புகாமல் போக, பைபாஸில் ஓரிடத்தை நடுவில் நிறுத்தமாகச் சேர்த்துவிட்டால் வழி அதில்தான் போகும். ஒரு பயணத்தில் 9 நிறுத்தம் வரை சேர்க்கலாம்.

கேள்வி (தூத்துக்குடி வாசகர்): கன்டெய்னர் டிரெய்லருக்கு ஆப்பில் உயரம் எவ்வளவு போடுவது?

பதில்: டேப் வைத்து அளந்து போடுங்கள், ஊகம் வேண்டாம். சாதாரண கன்டெய்னரின் உயரம் 2.591 மீட்டர், ஹைகியூப் என்றால் 2.896. டிரெய்லர் தளம் தரையிலிருந்து 1.55 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் முதலாவது 4.14, இரண்டாவது 4.45. இரண்டுக்கும் ஓரடி வித்தியாசம். போன வாரம் நுழைந்த பாலத்தில் இந்த வாரம் இடிப்பது இதனால்தான். புக்கிங்கில் 40 அடி என்று மட்டும் சொன்னால், ஹைகியூபா என்று கேட்டு வாங்குங்கள். கன்டெய்னரின் மேல்முனைகளில் மஞ்சள் கறுப்புப் பட்டை இருந்தால் அது ஹைகியூப்.

அளந்ததோடு 15 சென்டிமீட்டர் கூட்டிப் போடுங்கள். காரணம் இரண்டு. பாலத்துக்கு அடியில் பழைய தாரைச் சுரண்டாமல் புதுத் தார் போட்டால் இடைவெளி குறையும், போர்டில் பழைய எண்ணே இருக்கும். அடுத்தது, லோடு இறங்கியதும் ஸ்பிரிங் பட்டை நிமிர்ந்து வண்டி சில சென்டிமீட்டர் எழும்பும். லோடோடு நுழைந்த இடத்தில் காலிக் கன்டெய்னர் திரும்பும்போது உரசுவது இப்படித்தான். ஆகவே காலியாக இருக்கும்போது அளந்த உயரமே சரியான உயரம்.

மின்பாதை லெவல் கிராசிங்கில் நிற்கும் உயரக் கம்பி பொதுவாக 4.67 மீட்டர். ஹைகியூப் அதில் நுழையும், ஆனால் கம்பிக்கு அடியில் மேடு இருந்தால் மெதுவாக ஏறி இறங்குங்கள். தார்ப்பாய் கட்டிய லாரிக்கு, கயிற்று முடிச்சின் உச்சிவரை அளக்கவேண்டும்.

கேள்வி (நாமக்கல் வாசகர்): மேப் காட்டும் டோல் கட்டணத்தை வைத்து வாடகை பேசினேன், கையைக் கடித்துவிட்டது. ஏன்?

பதில்: கூகுளில் நீங்கள் பார்த்தது காருக்கான கட்டணம். தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளில் (2008) ஒரு கிலோமீட்டருக்கான அடிப்படை விகிதம் காருக்கு 65 பைசா, இலகு சரக்கு வண்டிக்கு 1.05 ரூபாய், இரண்டு ஆக்சில் லாரிக்கு 2.20, மூன்று ஆக்சிலுக்கு 2.40, நான்கு முதல் ஆறு ஆக்சில் வரை 3.45. வருடாவருடம் தொகை ஏறினாலும் இந்த விகிதம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். ஆகவே கார் கட்டணத்தை இரண்டு ஆக்சிலுக்கு 3.4-ஆலும், மூன்று ஆக்சிலுக்கு 3.7-ஆலும், அதற்கு மேல் ஆறு வரை 5.3-ஆலும் பெருக்குங்கள். மேப் 500 ரூபாய் காட்டினால் பத்து சக்கர வண்டிக்குச் சுமார் 1,850. பெரிய பாலம், சுரங்கம் உள்ள தடத்தில் கொஞ்சம் மாறும். துல்லியமாக வேண்டுமென்றால் நெடுஞ்சாலை ஆணையத்தின் சுங்கத் தகவல் தளத்தில் ஒவ்வொரு சாவடிக்கும் வண்டி வகைப்படி தொகை இருக்கிறது. வாடகை பேசும்முன் அதைப் பார்ப்பது நல்லது.

டோலைத் தவிர் என்ற பொத்தானை மிச்சம் பிடிக்கும் எண்ணத்தில் போட்டுவிடாதீர்கள். ஊர்களுக்குள்ளும் மலைப்பாதைகளிலும் இழுத்துக்கொண்டு போகும். டோலில் மிச்சமானது டீசலிலும் டயரிலும் போய்விடும்.

கேள்வி (ஈரோடு வாசகர்): மைசூருக்கு இரவு லோடு. மேப் திம்பம் மலைப்பாதை வழியைக் காட்டுகிறது. போகலாமா?

பதில்: கூடாது. பண்ணாரிக்கும் காரப்பள்ளத்துக்கும் இடையே இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை உண்டு. 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் இதைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொன்னது. பகலிலும் கனரக வண்டிகளுக்கு எடைக் கட்டுப்பாடு இருப்பதால், 27 கொண்டை ஊசி வளைவுக்குள் நுழையும்முன் பண்ணாரி சோதனைச்சாவடி விதியைக் கேட்டுவிடுங்கள். கூடலூரிலிருந்து பந்திப்பூர் வழியும் அதே 9 முதல் 6 மூடல்தான். இரவில் போயே ஆகவேண்டுமென்றால் சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு என்று சுற்றவேண்டும். அந்தத் தூரத்தையும் சேர்த்தே வாடகை பேசுங்கள். பெங்களூருக்குள் கனரக வண்டி நுழையும் நேரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு.

கேள்வி (வேலூர் வாசகர்): சார்ஜரில் போட்டிருந்தும் போன் சார்ஜ் இறங்குகிறது. வெயிலில் மேப் தானாக நின்றுவிடுகிறது.

பதில்: லாரியில் 24 வோல்ட். கார் சார்ஜர் வாங்கும்போது அதில் 12-24வி என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். 12 மட்டும் போட்டதைச் செருகினால் அது கருகும், சில சமயம் போனையும் சேர்த்துக் கெடுக்கும். 5 வாட் சார்ஜர் திரை எரியும் செலவுக்கே பத்தாது, 18 வாட்டாவது வேண்டும். கேபிளும் தடிமனாக இருக்கட்டும்.

வெயில் கண்ணாடியில் போனை ஒட்டினால் சூடேறித் திரை மங்கும், பிறகு ஆப் நிற்கும். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், காற்று படும் நிழலான இடத்தில் ஸ்டாண்ட் வையுங்கள். ரியர்வியூ கண்ணாடியை மறைக்கக்கூடாது. போன் அமைப்புகளில் மேப் ஆப்புக்கு பேட்டரி கட்டுப்பாடு இல்லை என்று மாற்றினால், திரை அணைந்தாலும் குரல் நிற்காது. 2020 அக்டோபர் முதல், வழி பார்ப்பதற்கு மட்டும் போனைப் பயன்படுத்த விதி அனுமதிக்கிறது, ஓட்டுபவரின் கவனத்தைக் கெடுக்காமல் என்ற நிபந்தனையோடு. கையில் பிடித்து ஓட்டினால் அபராதம்தான். குரலைத் தமிழுக்கு மாற்றிவிட்டால் திரையைப் பார்க்கும் தேவை பாதியாகும்.

கேள்வி (கரூர் வாசகர்): டிரக்கர் பாத் என்ற ஆப்பை யூடியூபில் புகழ்கிறார்களே?

பதில்: அது அமெரிக்கா, கனடாவுக்கானது. இங்கே பயனில்லை.

கேள்வி (ஸ்ரீபெரும்புதூர் வாசகர்): கம்பெனி பெயரைப் போட்டால் மேப் வேறு கேட்டில் கொண்டுபோய் விடுகிறது.

பதில்: பெயரில் தேடினால் பெரும்பாலும் அலுவலக வாசலுக்கோ, பார்வையாளர் கேட்டுக்கோதான் புள்ளி இருக்கும். சிப்காட் வளாகங்களில் சரக்குக் கேட் பின்பக்கத்தில் வேறு சாலையில் இருக்கும். புக்கிங் ஆபீஸில் பெயரை வாங்காமல், சரக்கு கேட்டில் நிற்கிறவரிடமிருந்து வாட்ஸ்அப் லொக்கேஷன் வாங்கித் தரச் சொல்லுங்கள். வந்த புள்ளியைச் செயற்கைக்கோள் படத்தில் திறந்து பாருங்கள்: கேட்டுக்கு முன்னால் டிரெய்லர் திரும்ப அகலம் இருக்கிறதா, வரிசையில் நிற்கும் லாரிகள் தெரிகின்றனவா? அப்படித் தெரிந்தால் அதுதான் சரக்கு கேட். போய்ச் சேர்ந்ததும் அந்த இடத்தைப் பெயரோடு சேமித்துவிட்டால் அடுத்த டிரைவருக்கு அதையே அனுப்பலாம்.